சூ கிரே செய்ததில் எது தவறு?

கேள்வி இதுதான்: போரிஸ் ஜான்சன் பிரிட்டன் பிரதமராக இருந்தபோது நடந்த ஊரடங்கு விருந்துகளை விசாரித்து அறிக்கை கொடுத்தவர் சூ கிரே என்ற மூத்த அதிகாரி. அடுத்த ஆண்டே அவர் எதிர்க்கட்சித் தலைவர் கியர் ஸ்டார்மரிடம் வேலைக்குச் சேரப் போகிறார் என்று செய்தி வந்தது. அப்படியானால் அந்த விசாரணையே நாடகமா? ஒரு அரசு அதிகாரி இப்படிச் செய்யலாமா?

விசாரணை நாடகம் இல்லை. அவர் கட்சி வேலைக்குப் போனதும் குற்றம் இல்லை. ஆனால் போவதற்கு முன்னால் ஒரு நான்கு மாதம் இருக்கிறதே, அதில்தான் அவர் சறுக்கினார். அந்த நான்கு மாதத்தைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டியவர்கள் ஜான்சனைக் காப்பாற்றும் வேலையில் இறங்கிவிட்டதால், நியாயமான குற்றச்சாட்டு ஒன்று அபத்தமான குற்றச்சாட்டுக்கு அடியில் புதைந்து போயிற்று. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இந்த அம்மா யார்? வடக்கு லண்டனில் டாட்டன்ஹாம் பகுதியில், அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தில் பிறந்தவர். அப்பா திடீரென்று இறந்துவிட, கல்லூரிப் பக்கமே போகாமல் பள்ளிப் படிப்போடு அரசு வேலைக்குள் நுழைந்தார். பிரிட்டிஷ் அரசின் உச்சிப் பதவிகளில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆட்கள் நிறைந்திருக்கும் காலத்தில் இப்படி ஒருவர் மேலே வந்தது அபூர்வம். 1980களில் வேலைக்கு நீண்ட விடுப்பு போட்டுவிட்டு, கன்ட்ரி பாடகரான கணவரோடு வட அயர்லாந்தின் நியூரி நகரத்தில் ஒரு பப் நடத்தினார். நியூரி எல்லையோர ஊர், துப்பாக்கிச் சண்டை ஓயாத காலம். லண்டன் அரசு ஊழியர் ஒருவர் அங்கே போய் எதற்குக் கடை நடத்த வேண்டும், உளவாளியாக இருப்பாரோ என்ற பேச்சு பிற்காலம் வரை ஓடியது. ஒரு பேட்டியில் அவரே சிரித்துக்கொண்டு மறுத்தார்.

பிறகு லண்டன் திரும்பி, அமைச்சரவை அலுவலகத்தில் வளர்ந்தார். 2012 முதல் 2018 வரை அங்கே ஒழுங்கு மற்றும் நெறிமுறைப் பிரிவுக்குத் தலைவர். அமைச்சர் மேல் புகார் வந்தால் அந்தக் கோப்பு போய் நிற்கிற மேசை அது. எந்த அமைச்சரிடம் என்ன முதலீடு இருக்கிறது, யாருக்கு எங்கே சிக்கல் வரலாம் என்பதெல்லாம் அந்த நாற்காலிக்குத் தெரியும். வெளியுலகுக்கு அவர் பெயரே தெரியாது, உள்ளே இருந்தவர்களுக்கு அவரைக் கண்டால் கொஞ்சம் பயம். கேமரன் அரசில் அமைச்சராக இருந்த ஆலிவர் லெட்வின், பிரிட்டனை உண்மையில் ஆள்வது சூ கிரே என்ற பெண்மணிதான், அது புரிய எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று என்ற பொருளில் வேடிக்கையாகச் சொன்னதாக அவருடைய சக அமைச்சர் எழுதி வைத்திருக்கிறார். வேடிக்கைதான், ஆனால் முழுக்க வேடிக்கை இல்லை. 2017 டிசம்பரில் தெரசா மேயின் அரசில் இரண்டாம் இடத்தில் இருந்த டேமியன் கிரீன் பதவி விலக நேர்ந்தது இதே சூ கிரே நடத்திய விசாரணையைத் தொடர்ந்துதான்.

2018ல் வட அயர்லாந்து நிதித் துறைக்குச் செயலராகப் போனார். அந்த மாகாணத்தின் மொத்த அரசு நிர்வாகத்துக்கும் தலைமை ஏற்கிற பதவிக்கு முயன்றார், கிடைக்கவில்லை. தன்னைக் கேள்வி கேட்கிறவள், இருப்பதைக் கலைத்துப் போடுகிறவள் என்று நினைத்திருப்பார்கள் போல என்று பிறகு ஒரு பேட்டியில் சொன்னார். 2021ல் மறுபடி லண்டன். அமைச்சரவை அலுவலகத்தில் இரண்டாம் நிலைச் செயலர். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றோடு மைய அரசுக்கு உள்ள உறவும் அரசமைப்பு விவகாரமும் அவர் பொறுப்பு. இந்தப் பொறுப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கிறது.

இனி அந்த நாட்டு முறை. அமெரிக்காவில் அதிபர் மாறினால் சுமார் 4,000 பதவிகளுக்குப் புது ஆட்களை நியமிக்கலாம். பிரிட்டனில் பிரதமர் மாறினால் அமைச்சர்களும் அவர்களின் அரசியல் ஆலோசகர்களாக நூற்றுச் சொச்சம் பேரும் மாறுவார்கள், அவ்வளவுதான். மற்றபடி நேற்று ஒரு கட்சிக்குக் கோப்பு எழுதிய அதே அதிகாரி, இன்று காலை அடுத்த கட்சியின் அமைச்சரை வாசலில் நின்று வரவேற்று அதே நாற்காலியில் உட்கார்ந்து கோப்பு எழுதுவார். 1854ல் வெளியான நார்த்கோட், ட்ரெவெல்யன் அறிக்கையில் தொடங்கிய மரபு இது. சிபாரிசுக்கு வேலை கொடுக்காதே, தேர்வு வைத்து எடு என்றது அந்த அறிக்கை. 2010ல்தான் இதற்கெல்லாம் முறையான சட்டப் பாதுகாப்பு வந்தது.

அரசு ஊழியர்களுக்கான நடத்தை விதியில் இதை நன்றாக எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றைய அமைச்சர் உன்னை நம்பும்படி நட, அதே சமயம் நாளைக்கு வேறு கட்சி ஆட்சிக்கு வந்தால் அவர்களும் உன்னை அதே அளவு நம்பும்படி நட என்கிறது விதி. கேட்க எளிதாக இருக்கும். கடைப்பிடிப்பது கயிற்றின் மேல் நடக்கிற வேலை.

ட்ரெவெல்யன் என்ற பெயரை எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? அதே சார்லஸ் ட்ரெவெல்யன்தான் 1859ல் சென்னை மாகாணத்துக்கு கவர்னராக வந்தார். வந்த மறு ஆண்டு, கல்கத்தாவில் இருந்த நிதிப் பொறுப்பாளர் ஜேம்ஸ் வில்சன் வருமான வரி கொண்டுவந்தபோது, அதை எதிர்த்துத் தான் எழுதிய குறிப்பைப் பகிரங்கமாக வெளியிட்டார். கையோடு லண்டனுக்குத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். நடுநிலையான அரசு நிர்வாகத்துக்கு அஸ்திவாரம் போட்டவருக்கே வாயைக் கட்டி வைப்பது முடியவில்லை.

சரி, விருந்து விவகாரத்துக்கு வருவோம். 2020, 2021ல் கொரோனா ஊரடங்கு. செத்துக்கொண்டிருந்த தாய் தகப்பனை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்க முடியாமல் மக்கள் தவித்த நேரத்தில், பிரதமரின் டவுனிங் தெரு அலுவலகத்தில் விருந்துகள் நடந்தன என்று 2021 கடைசியில் செய்தி கசிந்தது. விசாரிக்க நியமிக்கப்பட்டவர் அரசின் தலைமை அதிகாரியான சைமன் கேஸ். அவருடைய அலுவலகத்திலேயே ஒரு கூட்டம் நடந்தது என்று தெரியவர, அவர் விலகிக்கொண்டார். கோப்பு சூ கிரேயிடம் வந்தது. அதாவது, ஜான்சன் அரசே அவரிடம் கொடுத்த வேலை அது. அவராகக் கேட்டு வாங்கவில்லை.

2022 மே 25 அன்று வெளியான அறிக்கை 37 பக்கம்தான், 16 நிகழ்ச்சிகளைப் பற்றியது. ஒரு தடவை படித்தால் மறக்காது, ஏனென்றால் தீர்ப்புரைகள் குறைவு, விவரங்கள் அதிகம். ஒரு டிசம்பர் இரவுக் கொண்டாட்டத்துக்கு மறுநாள் காலையில் துப்புரவுப் பணியாளர் வந்து பார்த்தால், சுவரில் சிவப்பு ஒயின் வழிந்திருக்கிறது, ஜெராக்ஸ் பேப்பர் பெட்டிகள் மேலும் கொட்டிக் கிடக்கிறது. இன்னொரு இரவில் ஒருவர் வாந்தி எடுக்கிறார், இரண்டு பேருக்குள் கைகலப்பு. தோட்டத்து விருந்துக்குச் சுமார் 200 பேருக்கு மின்னஞ்சல் போகிறது, அவரவர் சரக்கை அவரவரே கொண்டுவாருங்கள் என்று. காவலாளிகளையும் துப்புரவுப் பணியாளர்களையும் மரியாதையில்லாமல் நடத்திய சம்பவங்கள் பல என்று கிரே குறிப்பிட்டிருக்கிறார். என்னைக் கேட்டால் அறிக்கையின் மிகக் கனமான வரி அதுதான். பிரதமர் பெயர் அந்த வரியில் வரவே இல்லை.

கரோக்கி மெஷின் கதையும் உண்டு. ஒரு விருந்துக்குப் பாட்டு மெஷினைக் கொண்டுவந்து கொடுத்தவர் ஹெலன் மெக்னமாரா. அவர் யார் தெரியுமா? சூ கிரேக்குப் பிறகு ஒழுங்கு, நெறிமுறைப் பிரிவுக்குத் தலைவராக வந்தவர்! வேலியே பயிரை மேய்ந்த கதை. அவருக்கும் அபராதம் விழுந்தது, மன்னிப்புக் கேட்டார். காவல்துறை தனியாக விசாரித்து 83 பேருக்கு மொத்தம் 126 அபராதச் சீட்டுகள் கொடுத்தது. அதில் ஒன்று ஜான்சனுக்கு, ஒன்று பின்னாளில் பிரதமரான ரிஷி சுனக்குக்கு. அதே ஆண்டு ஜூலையில், வேறொரு விவகாரம் கடைசி அடியாக விழ, ஜான்சன் பதவி விலகுவதாக அறிவித்தார்.

இப்போது 2023 மார்ச் 2. ஸ்கை நியூஸ் ஒரு செய்தி போடுகிறது: ஸ்டார்மர் தன் அலுவலகத்துக்குத் தலைமை தாங்க, அதாவது சீஃப் ஆஃப் ஸ்டாஃப் பதவிக்கு, சூ கிரேயை அழைத்திருக்கிறார். அன்றே கிரே அரசு வேலையை ராஜினாமா செய்தார். அமைச்சர்களுக்கே அது புதுச் செய்தி. வீட்டுக்குத் தெரியாமல் பெண் பார்த்து, பேசி முடித்து, நிச்சயம் ஆன விஷயத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி அப்பா தெரிந்துகொண்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

ஜான்சன் ஆதரவாளர்கள் உடனே கிளம்பினார்கள். பார்த்தீர்களா, அப்போதே சொன்னோமே, இது இடதுசாரிகளின் சதி, அந்த அறிக்கைக்கு இனி மதிப்பே இல்லை என்றார்கள். அவர்கள் அவசரத்துக்குக் காரணம் உண்டு. ஜான்சன் நாடாளுமன்றத்தில் பொய் சொன்னாரா என்று அவையின் உரிமைக் குழு அப்போது விசாரித்துக்கொண்டிருந்தது. அதே மார்ச் 22 அன்று அவர் அந்தக் குழு முன்னால் ஆஜராக வேண்டும். கையில் கிடைத்த கல்லை எடுத்து எறிந்தார்கள், யாராக இருந்தாலும் எறிந்திருப்பார்கள்.

ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்த வாதம் நிற்கவில்லை. அறிக்கை வந்தது 2022 மே மாதம். ஸ்டார்மர் தரப்பிலிருந்து முதல் தொடர்பு வந்தது அந்த ஆண்டு அக்டோபர் கடைசியில். அதற்குள் ஜான்சன் போய், லிஸ் டிரஸ் வந்து, அவரும் போய், சுனக் நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று. அறிக்கை எழுதிய காலத்தில் கிரேக்கு யாரும் வேலை தருவதாகச் சொன்னதற்கு எந்த ஆதாரமும் வரவில்லை. காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைகூட இல்லை இது. பழம் விழுந்து ஐந்து மாதம் கழித்து வந்து உட்கார்ந்த காக்காய்.

இன்னொன்று. சதி செய்கிறவர் எதிரிக்குச் சலுகை கொடுப்பாரா? 2020 நவம்பர் 13 அன்று ஜான்சனின் வீட்டுப் பகுதியிலேயே, அலுவலகத்துக்கு மேல் மாடியில், நடந்த கூட்டம் ஒன்று உண்டு. எதிர்க்கட்சிக்காரர்கள் அதைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். கிரே அதை விசாரிக்கத் தொடங்கி, காவல்துறை வந்ததும் நிறுத்தி, பிறகு தொடர்வது பொருத்தமாக இருக்காது என்று விட்டுவிட்டார். அன்றைக்கு அவர் மேல் வந்த விமர்சனம், பிரதமரிடம் மென்மையாக நடந்துகொண்டார் என்பது. பத்து மாதத்தில் அதே ஆள் பிரதமரைக் கவிழ்த்த சூழ்ச்சிக்காரி ஆகிவிட்டார்.

அபராதம் போட்டது காவல்துறை, கிரே இல்லை. உரிமைக் குழுவும் தன் முடிவுக்கு அவருடைய அறிக்கையை ஆதாரமாகக் கொள்ளவில்லை என்று அப்போதே சொல்லிவிட்டது. சாட்சிகள், வாட்ஸ்அப் செய்திகள், மின்னஞ்சல்கள், படங்கள் என்று தனியாகத் திரட்டியது. ஏழு பேர் கொண்ட அந்தக் குழுவில் நான்கு பேர் ஜான்சனின் சொந்தக் கட்சி. ஜூன் மாதம் குழு அவரைக் குற்றவாளி என்றது. அறிக்கை வெளியாகும் முன்பே அவர் எம்.பி. பதவியை விட்டு விலகி, விலகல் அறிக்கையில் மறுபடியும் சூ கிரே பெயரை இழுத்தார். அவையில் வாக்கெடுப்பு நடந்தபோது குழுவின் அறிக்கைக்கு ஆதரவாக 354 பேர், எதிராக 7 பேர்.

இவ்வளவு சொன்ன பிறகு, சூ கிரே உத்தமி என்று முடித்துவிடலாம் என்று தோன்றும். ஸ்டார்மரின் லேபர் கட்சிக்காரர்கள் அப்படித்தான் முடித்தார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் 2 வரை அவர் அரசுச் சம்பளத்தில் இருந்தார். சாதாரணப் பதவியில் இல்லை. ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து, அரசமைப்பு என்று ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் நேரடியாக முட்டுகிற விஷயங்களில் அமைச்சர்களுக்கு ஆலோசனை சொல்லும் இடம். சுனக் அரசில் ஒரு அமைச்சர், அடுத்த தேர்தலை மனதில் வைத்து, இந்தத் திட்டத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது சொல்லுங்கள் என்று அவரிடம் மனம் விட்டுப் பேசியிருக்கலாம். அவர் அதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார் என்றே நம்புகிறேன். ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு எதிர் முகாமிலிருந்து வேலைப் பேச்சு நடக்கிறது என்பது அந்த அமைச்சருக்குத் தெரிய வேண்டுமா, வேண்டாமா? தெரிந்திருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பார். பிரச்சினை இதில்தான். ரகசியம் வெளியே போனதா என்ற கேள்விக்கே போக வேண்டாம்.

எதிர்க்கட்சியோடு அதிகாரிகள் பேசவே கூடாது என்று அந்த நாட்டில் விதி இல்லை. பேச ஒரு முறை இருக்கிறது. 1964லிருந்தே, தேர்தல் நெருங்கும்போது எதிர்க்கட்சித் தலைவர்கள் துறைச் செயலர்களைச் சந்தித்து, நாங்கள் ஆட்சிக்கு வந்தால் இன்ன திட்டம் வைத்திருக்கிறோம் என்று பேசலாம். பிரதமர் அனுமதி கொடுத்த பிறகு, அவருக்குத் தெரிந்தே நடக்கும். பேசியது என்ன என்று பிரதமர் கேட்க மாட்டார். நம்பிக்கை என்பதை அந்த ஊரில் இப்படித்தான் கட்டி வைத்திருக்கிறார்கள்: விஷயத்தை மறைக்கலாம், சந்தித்ததை மறைக்கக் கூடாது. பல வருஷம் நெறிமுறைப் பிரிவை நடத்தியவருக்கு இது அட்சரம் பிசகாமல் தெரியும். மற்றவர்கள் சந்தேகம் கேட்க வந்து நின்ற மேசையே அவருடையதுதானே. அவரிடம் வேறொரு அதிகாரி வந்து, எனக்கு எதிர்க்கட்சியிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது, யாரிடமும் சொல்லாமல் நான்கு மாதம் பேசிக்கொண்டிருக்கலாமா என்று கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பார்? எனக்குச் சந்தேகமே இல்லை. போய் உன் மேலதிகாரியிடம் சொல், அல்லது வேலையை விட்டுவிட்டுப் பேசு என்றிருப்பார்.

அந்த ஆண்டு ஜூலைத் தொடக்கத்தில் அமைச்சரவை அலுவலகம் தன் விசாரணை முடிவைச் சொன்னது: எதிர்க்கட்சித் தலைவரோடு இருந்த தொடர்பைத் தெரிவிக்காததால் நடத்தை விதியை மீறியதாகத் தெரிகிறது. அந்த விசாரணைக்கு முன் தன் தரப்பைச் சொல்ல கிரே முன்வரவில்லை. லேபர் கட்சி இதை அரசியல் ஸ்டண்ட் என்று தள்ளியது. அரசாங்கமே வாதி, அரசாங்கமே நீதிபதி என்பது உண்மைதான், அதனால் அந்த முடிவுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பது அவரவர் இஷ்டம். ஆனால் முடிவின் சாரத்தில் எனக்குக் குறை தெரியவில்லை.

வேலை மாறும் உயர் அதிகாரிகளைப் பரிசீலிக்கத் தனியாக ஒரு ஆலோசனைக் குழு இருந்தது, அகோபா என்று சுருக்கிச் சொல்வார்கள். அதிகபட்சம் இரண்டு ஆண்டு காத்திருக்கச் சொல்லலாம். தலைவர் எரிக் பிக்கிள்ஸ், ஜான்சனின் கன்சர்வேட்டிவ் கட்சியைச் சேர்ந்த முன்னாள் அமைச்சர். ஆக, கிரேக்குச் சாதகமாகச் சாய வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அரசு வேலையில் இருந்தபோது கிரேயின் நடுநிலை கெட்டதற்கு எந்த ஆதாரமும் காணவில்லை என்று எழுதிவிட்டு, ஆறு மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். தொடர்பு தொடங்கியது எப்போது என்ற விவரமும் அந்தக் கடிதம் மூலம்தான் வெளியே வந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் அவர் ஸ்டார்மர் அலுவலகத்தில் சேர்ந்தார்.

அந்தக் குழுவுக்கு என்ன அதிகாரம் என்று கேட்டால், ஒன்றும் இல்லை. ஆலோசனை சொல்லும், கேட்காவிட்டால் கடிதம் எழுதும். கிரே பற்றிய முடிவு வருவதற்கு இரண்டு வாரம் முன்னால் இன்னொருவர் டெய்லி மெயில் பத்திரிகையில் பத்தி எழுதச் சேர்ந்தார். குழுவுக்கு அவர் தகவல் சொன்னது, பத்திரிகை அறிவிப்பதற்கு அரை மணி நேரம் முன்னால். அப்பட்டமான விதிமீறல் என்றது குழு. அந்த இன்னொருவர் போரிஸ் ஜான்சன். மாமியார் உடைத்தால் மண்குடம்! சூ கிரே காத்திருந்தார், அவரோ காத்திருக்கவில்லை.

இதற்கு முன்மாதிரி உண்டா? உண்டு. வாஷிங்டன் தூதரகத்தில் இருந்த ஜொனாதன் பவல் 1995ல் வெளியுறவுப் பணியை விட்டு, எதிர்க்கட்சித் தலைவராக இருந்த டோனி பிளேரிடம் இதே பதவிக்குப் போனார். பிளேர் ஆண்ட பத்து ஆண்டும் கூடவே இருந்தார், அரசு ஊழியர்களுக்கு உத்தரவிடும் அதிகாரம்கூட அவருக்குத் தனியாகக் கொடுக்கப்பட்டது. 2024ல் ஸ்டார்மரே அவரைத் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராகத் திரும்ப அழைத்தார். வேறுபாடு ஒன்று உண்டு. பவல் அப்போது நடுத்தர நிலையில் இருந்த தூதரக அதிகாரி. அமைச்சர்களின் அந்தரங்கக் கோப்புகளைப் பார்த்தவர் இல்லை. கிரே அளவுக்கு மேலே இருந்து நேராக எதிர்க்கட்சி அலுவலகத்துக்குப் போனவர் என்று வேறு யாரையும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஸ்டார்மருக்கு ஏன் அவர்தான் வேண்டும் என்று தோன்றியது என்பதும் புரிகிறது. ஸ்டார்மரே அரசியல்வாதியாக வளர்ந்தவர் இல்லை. 2008 முதல் 2013 வரை அரசுத் தரப்பு வழக்குகளின் தலைமை இயக்குநர், 2015ல்தான் எம்.பி. கோப்பும் நடைமுறையும் தெரிந்த ஆள் அவர். அப்போது கட்சி 2010லிருந்து ஆட்சியில் இல்லை, ஒயிட்ஹால், அதாவது லண்டனின் அரசு அலுவலக உலகம், எப்படி ஓடுகிறது என்று தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். ஜெயிக்கப் போகிறோம் என்று தெரிந்துவிட்டது, வீட்டுச் சாவிக்கொத்தில் எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று சொல்ல ஒருவர் தேவை. அதனால் அவரைத் தேடியதில் புத்திசாலித்தனம் இருந்தது. நவம்பரிலேயே விலகச் சொல்லிவிட்டு, காத்திருக்க வைத்துச் சேர்த்திருந்தால் இந்தச் சத்தத்தில் முக்கால்வாசி இருந்திருக்காது. அவருடைய மகன் லேபர் கட்சிக்காரர், 2024ல் எம்.பி. ஆனவர் என்பதையும் சிலர் குறையாகச் சொன்னார்கள். பிள்ளையின் கட்சிக்கு அம்மாவைப் பொறுப்பாக்குவது சரியில்லை, அதை விட்டுவிடலாம்.

நம் ஊர் வாசகர்களுக்கு இந்தச் சர்ச்சையே கொஞ்சம் விநோதமாக இருக்கும். ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். எல்லாம் அதே பிரிட்டிஷ் மரபின் பிள்ளைகள்தான், ஆனால் கட்சிக்குப் போகக் காத்திருப்புக் காலம் எதுவும் இங்கே இல்லை. தனியார் நிறுவனத்துக்குப் போகத்தான் உண்டு. ஒடிசாவில் ஐ.ஏ.எஸ். அதிகாரி வி.கே. பாண்டியன் 2023 அக்டோபரில் விருப்ப ஓய்வு பெற்ற மறுநாளே அமைச்சர் அந்தஸ்துப் பதவியில் அமர்ந்தார், அடுத்த மாதம் ஆளுங்கட்சியில் சேர்ந்தார். சசிகாந்த் செந்திலும் அண்ணாமலையும் 2019ல் வேலையை விட்டு 2020ல் எதிரெதிர்க் கட்சிகளில் சேர்ந்தார்கள். அவர்களாவது ஓராண்டு வெளியே இருந்தார்கள். அரசியலுக்கும் காத்திருப்புக் காலம் வேண்டும் என்று தேர்தல் ஆணையம் கேட்டுப் பார்த்தது, மத்திய அரசு ஏற்கவில்லை. 2022ல் உச்ச நீதிமன்றமும் அது எங்கள் வேலை இல்லை என்று மனுவைத் தள்ளிவிட்டது. பிரிட்டனில் நான்கு மாதம் சொல்லாமல் பேசியதற்கு நாடாளுமன்றத்தில் அவசரக் கேள்வி எழுந்தது. இங்கே அப்படிப் பேசுவதைச் செய்தியாகக்கூட யாரும் போட மாட்டார்கள்.

அப்புறம் என்ன ஆயிற்று? 2024 ஜூலையில் லேபர் ஆட்சிக்கு வந்தது, கிரே டவுனிங் தெருவுக்குள் போனார். மூன்று மாதம்தான் தாக்குப்பிடித்தார். கட்சியின் தேர்தல் வேலைகளை நடத்திய மார்கன் மெக்ஸ்வீனிக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை என்று தினமும் செய்தி கசிந்தது. செப்டம்பரில் அவருடைய ஆண்டுச் சம்பளம் 1,70,000 பவுண்டு, பிரதமரின் சம்பளத்தைவிடச் சுமார் 3,000 பவுண்டு அதிகம் என்று பி.பி.சி. வெளியிட்டது. அதை வெளியே கொடுத்தது உள்ளே இருந்தவர்கள்தான் என்பது எல்லோரும் ஊகித்தது. அக்டோபர் 6 அன்று விலகினார், அந்த இடத்துக்கு மெக்ஸ்வீனி வந்தார். ஸ்காட்லாந்து, வேல்ஸ் போன்ற பகுதிகளோடு உறவைப் பார்க்கும் பிரதமரின் தூதர் என்று கிரேக்கு அறிவித்த பதவியையும் அவர் ஏற்கவில்லை.

வருஷக்கணக்கில் அடுத்தவர்களின் கசிவுகளையும் சண்டைகளையும் விசாரித்து அறிக்கை எழுதியவர், தானே கசிவின் மையத்தில் நின்றபோது தடுமாறினார். நடைமுறை தெரிந்தவருக்கு அரசியல் தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. கோப்பை நிறுத்தி வைத்து யோசிப்பது நல்ல அதிகாரியின் குணம். அதே குணத்தை டவுனிங் தெருவில் இருந்த கட்சிக்காரர்கள் இழுத்தடிப்பு என்று பெயர் வைத்துப் பேசினார்கள்.

அந்த ஆண்டு டிசம்பரில் லேபர் கட்சி அவரைப் பிரபுக்கள் அவைக்கு அனுப்பியது. பிறந்த ஊரின் பெயரைச் சேர்த்து, டாட்டன்ஹாமின் பரோனஸ் கிரே ஆனார். அகோபா குழுவை 2025 அக்டோபரில் மூடிவிட்டார்கள், அதன் வேலையைப் பங்கு பிரித்து வேறு அமைப்புகளிடம் கொடுத்தாயிற்று. பிரபுக்கள் அவையில் கிரே பேசிய முதல் பேச்சைக் கேட்டவர்கள், தன்னை அனுப்பிய கட்சியைப் புகழ்வார் என்று எதிர்பார்த்திருக்கலாம். ஆட்குறைப்புப் பேச்சில் அப்போது அரசு ஊழியர்களைப் பேனா தள்ளுகிறவர்கள் என்றும், கோடாலி எடுக்க வேண்டும் என்றும் பலரும் பேசிக்கொண்டிருந்தார்கள். வார்த்தையில் கவனம் வேண்டும், நீங்கள் சொல்வது அவர்கள் காதிலும் விழுகிறது என்று லேபர் வரிசையில் நின்றுகொண்டு சொன்னார். அன்று ஆட்சியில் இருந்ததும் அதே லேபர்தான்.